ஓமனா ஊற்றிய எண்ணெய்

தோவாளைப் பூச்சந்தையில் ஓமனாவின் கையைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. பிச்சிப்பூவைத் தராசில் போட்டு, எண் அசையாமல் நின்ற பிறகும், கூடைக்குள் கையை விட்டு இன்னொரு பிடி அள்ளிப் போடுவாள். மற்ற வியாபாரிகளும் போடுவார்கள்தான், அது சந்தை வழக்கம். ஆனால் அவர்கள் விரல் நுனியால் கிள்ளிப் போடுவார்கள். ஓமனா போட்டால் அது முழுக்கைப் பிடி. அதனால்தான் அவள் கடையில் ஈ மொய்க்கிற மாதிரி கூட்டம்.

அதே கை, வாங்குகிற இடத்தில் வேறு கை. அளந்ததோடு நிறுத்துகிறவன் எவனானாலும் அவளுக்கு அவன் திருடன்தான். பால்காரன், பெட்ரோல் பங்க் பையன், சாயா அடிக்கிறவன், ஒருத்தனையும் விட்டது இல்லை. தம்ளர் விளிம்புக்குக் கீழே சாயா நின்றால், "மிச்சத்த உனக்க வீட்டுக்குக் கொண்டுபோவியா?" என்று கேட்டுவிடுவாள்.

குழித்துறைக்காரி. ரத்தினத்துக்கு வாழ்க்கைப்பட்டுத் தோவாளைக்கு வந்த புதிதில் அவள் தண்ணீரை வெள்ளம் என்று சொல்வதைக் கேட்டு இங்குள்ள பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் பிறகு அவளிடம் பூ எடுத்து விற்றுத்தான் பிழைத்தார்கள். ரத்தினம் வயலில் பவர் டில்லர் ஓட்டினவன். நல்லவன். ஆனால் வீட்டில் ஒரு காரியத்தையும் அவனாக முடிவு செய்தது கிடையாது. ஓமனா பேசுவாள், அவன் தலையாட்டுவான். அப்படியே முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது இழுத்தால் ஓமனா கொடுக்கிற பதிலை அச்சில் ஏற்ற முடியாது.

பிறகு ரத்தினத்துக்குக் கிட்னி போயிற்று. ஒன்றல்ல, இரண்டும். திங்கள், புதன், சனி நாகர்கோவிலுக்குப் போய் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். பஸ்ஸில் கொண்டுபோனாள். திரும்பி வருகிறபோது அவன் கம்பியைப் பிடித்தபடியே துவண்டு விழுந்தான். மறுமாதமே ஓமனா பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினாள். வெள்ளை நிறம், பெட்ரோல் வண்டி. ஐம்பது வயசில் ஓட்டப் படித்தாள். இரண்டு மதகையும் ஒரு வேலியையும் இடித்து, லைசென்ஸும் எடுத்தாள். அதற்குப் பிறகு அந்த வண்டிதான் ரத்தினத்தின் உயிர். இது தெருவுக்கே தெரியும்.

எண்ணெய் மாற்ற வேண்டிய நேரம் வந்தது. ஜான்ரோஸ் பட்டறைக்குக் கொண்டுபோனாள். ஜான்ரோஸுக்கு வேலை தெரியும். வாய்தான் திறக்காது, திறந்தால் சிடுசிடுப்புதான் வரும். கறுத்துப்போன எண்ணெயை வடித்தான், ஃபில்டரை மாற்றினான், புதிய கேனைத் திறந்து ஊற்றினான். ஓமனா பக்கத்திலேயே நின்று, தராசைப் பார்க்கிற கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதென்னலே, வெள்ளம் மாதிரி ஒழுகுது?"

"இந்த வண்டிக்கு இதாக்கும் அக்கா. மூடியிலயே எழுதிப் போட்டிருக்கான், பாருங்க."

எண்ணெய் ஊற்றுகிற மூடியின் மேல், எண்ணெயின் அடர்த்தியைக் குறிக்க, பூஜ்யமும் டபிள்யூவும் இருபதும் பொறித்திருந்தது.

"பூஜ்யம்னு எழுதினதயா எனக்கு ஊத்துத?"

ஜான்ரோஸ் இஞ்சினைக் கிளப்பினான். கொஞ்ச நேரம் வண்டியை ஓடவிட்டு நிறுத்தினான். எண்ணெய் இறங்கட்டும் என்று ஒரு பீடி நேரம் காத்திருந்து, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான். கம்பியின் அடியில் இரண்டு புள்ளி உண்டு. எண்ணெய் இரண்டுக்கும் நடுவில், பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

"போதும்."

"மேல புள்ளி எங்க கெடக்கு, இது எங்க கெடக்கு?"

"ரெண்டு புள்ளிக்கும் இடையில நின்னா செரியாக்கும்."

"அரைக்கூடப் பூவ முழுக்கூடன்னு பறஞ்சு விடுவேனாலே நான்?"

"இது பூவு இல்ல அக்கா. இஞ்சின். வண்டி வரிசையா நிக்கி, எடுங்க."

சொல்லிவிட்டு, கேனில் மிச்சம் இருந்த எண்ணெயை மூடி அவன் அலமாரியில் வைத்தான். அதுதான் வினையாகப் போயிற்று. ஓமனா அந்தக் கேனையே பார்த்தாள். அவள் மண்டைக்குள் முடிவு எழுதியாகிவிட்டது. இவன் அளவில் அடித்துவிட்டான். மெல்லிசு எண்ணெயைத் தலையில் கட்டிவிட்டான்.

அவன் சொல்லியிருக்கலாம். சின்ன வண்டியின் இஞ்சினுக்குள்ளே எண்ணெய் ஓடுகிற வழியெல்லாம் ஊசித் துவாரம், மெல்லிசு எண்ணெய்தான் வண்டியைக் கிளப்பின உடனே மேலே ஏறும் என்று சொல்லியிருக்கலாம். அளவுக்கு மேலே நின்றால் உள்ளே சுற்றுகிற தண்டு அதைத் தயிர் மாதிரிக் கடைந்து நுரையாக்கும், பம்பு நுரையை உறிஞ்சினால் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் எண்ணெய் இருக்காது, காற்றுதான் இருக்கும் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிஷப் பேச்சு. அவன் சொல்லவில்லை. அவள் கேட்டிருப்பாளா என்பதும் சந்தேகம்தான்.

மறுநாள் சந்தை முடிந்து வருகிற வழியில் உழவு மெஷின் சாமான் விற்கிற கடையில் ஓமனா நின்றாள்.

"நல்ல கட்டியா உள்ள எஞ்சின் ஆயில் எடும்."

"எந்த வண்டிக்கு?"

"டில்லருக்கு நீரு குடுப்பீருல்லா, அது. பெரிய கேன்."

கடைக்காரன் டில்லருக்கென்றே நினைத்துக் கொடுத்தான். ஐந்து லிட்டர் கேன்.

வீட்டின் பின்பக்கம் வண்டியை நிறுத்தினாள். அடியில் எந்த போல்டைக் கழற்ற வேண்டும் என்று நாற்காலியில் இருந்தபடி ரத்தினம் கை காட்டினான். டில்லர் ஓட்டின பழக்கம். ஜான்ரோஸ் ஊற்றிய எண்ணெய், புத்தம் புதிது, தேன் நிறத்தில் பழைய சருவப் பாத்திரத்துக்குள் வடிந்தது. ஓமனா போல்டை முறுக்கிவிட்டு, புனல் வைத்துக் கேனைச் சாய்த்தாள். எண்ணெய் மெதுவாக, பாகு மாதிரி இறங்கியது. அதைப் பார்க்கவே அவளுக்கு வயிறு நிறைந்தது.

"ஏட்டி, கம்பிய எடுத்துப் பாரு."

"பாத்தாச்சு. மேல புள்ளியத் தாண்டியாச்சு."

"தாண்டிச்சுன்னா நிறுத்த வேண்டியதுதானே?"

"பொட்டிச்ச கேன வீட்டுல வச்சு என்ன செய்ய? தோச சுடவா?"

"எனக்க டில்லர்ல அளவு பாத்துதான்டி ஊத்துவேன்."

"நீங்க அளவு பாத்து ஓட்டின டில்லர்தானே வயலுக்குள்ளயே செத்துக் கெடந்துது? சும்மா இரிங்க."

ரத்தினம் சும்மா இருந்தான். மூன்று லிட்டரும் சொச்சமும் பிடிக்கிற இஞ்சினுக்குள் ஐந்து லிட்டரும் இறங்கிவிட்டது. ஓமனா கேனைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசிச் சொட்டையும் தட்டிவிட்டாள்.

முதலில் வண்டி பூனை மாதிரிப் போயிற்று. முன்னே கேட்ட சின்னச் சின்னத் தட்டல்கள் எல்லாம் அடங்கிவிட்டன. "கேட்டியளா? சத்தமே இல்ல" என்று ரத்தினத்திடம் சொன்னாள். கட்டியான எண்ணெய் சத்தத்தை அமுக்குகிறது, நோயை அல்ல. ஆனால் அது அவளுக்குத் தெரியாது.

பிறகு ஒரு வாடை வந்தது. பொரிக்கிற சீனிச்சட்டியில் எண்ணெய் தீய்ந்த மாதிரி. அவள் வண்டிக்குள் பூக்கூடையை வைத்துப் பார்த்தாள். பிச்சிப்பூ மணத்தையும் தாண்டி அந்த வாடை வந்தது. காலையில் வண்டியைக் கிளப்பினால் பின்னால் நீலமாகப் புகை கிளம்பிச் சந்தை வாசலை மூடியது. பக்கத்துக் கடைச் செல்லக்கனி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"ஓமனாக்கா, வண்டிக்குச் சாம்பிராணி போட்டியளா? கண்ணேறு கழியட்டும்."

"உனக்க வீட்டுக்காரன் வாயில வாற புகையவிட இது கொறவுதான்டி."

செல்லக்கனி சிரித்தாள். ஓமனாவும் சிரித்தாள்.

வண்டிக்கு அடியில் மண் கறுக்க ஆரம்பித்தது. மத்தியானமெல்லாம் அங்கே நிழலுக்குப் படுக்கிற தெருநாய் ஒருநாள் வந்து முகர்ந்து பார்த்தது. பிறகு வேறு இடம் தேடிப் போய்விட்டது.

ஒரு திங்கட்கிழமை நாகர்கோவிலுக்குப் போகிற வழியில், வளைவு ஒன்றில் வண்டியை ஒடிக்கிறபோது, ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பாக ஒன்று மின்னி மறைந்தது. மூக்கு நீண்ட ஒரு பாத்திரம், மூக்கு நுனியில் ஒரு சொட்டு. அது எண்ணெய் விளக்கு, உள்ளே எண்ணெயின் அழுத்தம் குறைந்தால் எரிவது. ஓமனா கண்ணுக்கு அது கிண்டி. குழித்துறையில் அவள் பிறந்த வீட்டில் கிண்டியை எடுத்தால் ஒன்று பூஜைக்கு. இல்லாவிட்டால், சாகக் கிடக்கிறவர் வாயில் கடைசி வெள்ளம் விடுவதற்கு. அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் ரத்தினம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். பார்த்திருக்க மாட்டான் என்று நினைத்தாள்.

"ஏட்டி, அது என்ன வெளக்கு?"

"அது சும்மா. வயரு லூசு."

"எண்ணெ வெளக்காக்கும். ஜான்ரோஸ்கிட்ட ஒருக்கா காட்டுவோமே."

"எண்ணெ தலைக்கு மேல கெடக்கு. பின்னே எங்க கொறைய? அந்தக் கள்ளன்கிட்டப் போனா இருக்கதையும் வடிச்சு எடுப்பான்."

அதுதான் அவள் கணக்கு. குறைந்தால்தானே விளக்கு எரியும். குறைய வழியே இல்லாதபடி ஊற்றியாயிற்று. அப்படியானால் விளக்குதான் பொய் சொல்கிறது. அடுத்த தடவை அது எரிந்தபோது, நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்தப் படத்தின் மேலேயே ஒட்டிவிட்டாள். ரத்தினம் பொட்டையும் அவளுடைய வெறும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் சொல்லியிருக்க வேண்டும். அவன் சுபாவம் அப்படி, உயிர் போகிற விஷயத்தில்கூட வாய் திறக்கப் பெண்டாட்டியின் உத்தரவு வேண்டும்.

ஐப்பசி மழை பிடித்தது. அந்தச் சனிக்கிழமை நாகர்கோவிலில் மெஷினுக்குத் தண்ணீர் சுத்தம் செய்கிற பிளாண்ட் பழுதாகி, வந்த நோயாளிகளையெல்லாம் திருப்பி அனுப்பினார்கள். பழுது சரியாக இரண்டு வாரம் ஆகும், அதுவரை திருவனந்தபுரம் போய்க்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரி ஒன்றின் பெயரைச் சொல்லி, அங்கே திங்களும் புதனும் இடம் கேட்டு வைத்தார்கள். ஒருநாள் மெஷின் தவறினால் என்ன ஆகும் என்று ஓமனா ஞாயிற்றுக்கிழமை பார்த்தாள். ரத்தினத்தின் முகம் உப்பிக் கண் சிறுத்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே இருந்தான். ஒரு மிடறு வெள்ளம் கேட்டான். மெஷின் இல்லாமல் குடித்த நீர் வெளியேறாது, கொடுக்கக் கூடாது. ஓமனா அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் புறப்பட்டார்கள். செல்லக்கனி வாசலில் நின்று, "டாக்சி பிடிச்சுப் போங்களேன் அக்கா, இந்த மழையில" என்றாள்.

"எனக்க வண்டிக்கு என்ன கொறச்சல்?" என்று ஓமனா கதவை அடைத்தாள். அவளுக்கே அந்தக் குரல் வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

தக்கலை வரைக்கும் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் வண்டி இழுக்கவில்லை. மிதித்தால் உறுமியது, நகரவில்லை. மார்த்தாண்டம் நெருங்க நெருங்க லாரியும் பஸ்ஸும் நெருக்கிக்கொண்டு நின்றன. ஊர்ந்து நின்று, நின்று ஊர்ந்து போகிற நெரிசல். நின்ற இடத்தில் எல்லாம் பொட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் தெரிந்தது. இப்போது அது மின்னவில்லை. அணையாமல் எரிந்தது.

பிறகு சத்தம் தொடங்கியது. உள்ளே யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி.

"ஓமனா... ஓரமா நிறுத்துட்டி."

"இன்னும் கொஞ்சம்தான். பாலம் தாண்டினா ரோடு ஃப்ரீ ஆயிரும்."

"நிறுத்து."

முப்பது வருடத்தில் அவன் அவளிடம் அந்த மாதிரிச் சொன்னது இல்லை. ஆனால் நிறுத்தினால் என்ன செய்வது? நிறுத்தினால் ரத்தினத்தை எதில் கொண்டுபோவது? அவள் மிதித்தாள். குழித்துறைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டிக்குள்ளே எதுவோ ஒடிந்த மாதிரி ஒரு சத்தம். ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. வண்டி நின்றது. சாவியைத் திருப்பினாள். 'டக்' என்று ஒரே ஒரு ஒலி. மறுபடி திருப்பினாள். அதே ஒலி.

மழை கொட்டியது. பின்னால் ஹார்ன் சத்தம் காதைக் கிழித்தது. அவள் இறங்கி மூடியைத் தூக்கினாள். வெந்த எண்ணெயின் புகை முகத்தில் அடித்தது. இஞ்சினின் பக்கமெல்லாம் எண்ணெய் வழிந்து, மழைத் துளி பட்ட இடமெல்லாம் சீறியது. அவள் பிறந்த ஊர். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவள் ஓடி விளையாடின ஆற்றங்கரை. ஆனால் அங்கே இப்போது அவளுக்கென்று கூப்பிடக்கூட ஒரு ஆள் இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். மார்த்தாண்டத்து நெரிசலுக்குள் கிடக்கிறது, நேரம் எடுக்கும் என்றார்கள். ஆட்டோ ஒன்றுகூடக் காலியாக இல்லை. கண்ணாடி வழியே ரத்தினத்தைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான், கரையில் போட்ட மீன் மாதிரி.

பின்னால் நின்ற மீன் வண்டிக்காரன்தான் இறங்கி வந்தான். சிலுவைதாசன் என்று பேர், கடற்கரை ஆள்.

"என்னக்கா, வழிய அடைச்சுக்கிட்டு நிக்கிய?"

"எனக்க ஆளுக்கு மூச்சு முட்டுது மக்கா. திருவனந்தபுரத்துல ஆஸ்பத்திரி போணும்."

அவன் குனிந்து ரத்தினத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நெரிசலில் நின்ற இரண்டு பேரைக் கூப்பிட்டான். காரைத் தள்ளி ஓரத்தில் விட்டார்கள். ரத்தினத்தைத் தூக்கி மீன் வண்டியின் முன் இருக்கையில் வைத்தார்கள். முன்னால் இன்னொரு ஆளுக்கு இடம் இல்லை, கிளீனர் அவனைச் சாயாமல் பிடித்திருந்தான்.

"பின்னால ஏறுதியளா அக்கா? மீன் பெட்டி கெடக்கு."

ஓமனா ஏறினாள். ஐஸும் மீன் வெள்ளமும் காலை நனைத்தன. வாழ்நாள் முழுதும் பூவுக்குள் கிடந்தவள் அயலை மீன் பெட்டிகளுக்கு நடுவே குத்தவைத்தாள். முன்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி. அதன் வழியே ரத்தினத்தின் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு குழியிலும் அது ஆடியது. வண்டி ஆட்டுகிறதா, அவனாக ஆடுகிறானா என்று தெரியவில்லை. களியக்காவிளை தாண்டியதும் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. ஓமனா கண்ணாடியைக் கையால் அடித்தாள். ஹார்ன் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவள் அடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். என் கை, என் கை என்று மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினபோது ரத்தினத்துக்கு உயிர் இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. உள்ளே ஓட்டமாகக் கொண்டுபோய் மெஷினில் போட்டார்கள். சிலுவைதாசன் நின்று பார்த்துவிட்டு, மீன் கெட்டுப்போகும் என்று போனான். டாக்டர் வெளியே வந்து ஓமனாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், மீன் வாடை அவ்வளவு. இன்றைக்குத் தப்பித்தது, நெஞ்சிலும் நீர் கோத்திருக்கிறது, இனி ஒருநாள்கூடத் தவறக் கூடாது, புதன்கிழமை கட்டாயம் வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓமனா வராந்தாவில் நின்று போனை எடுத்தாள். அவள் அறிந்தவர்களில் வண்டியைப் பற்றிக் கேட்க ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

"ஜான்ரோசு, நான் ஓமனாவாக்கும். வண்டி குழித்துறையில நின்னு போச்சு."

"எப்படி நின்னுச்சு?"

அவள் சொன்னாள். தட்டல், ஒடிந்த சத்தம், 'டக்' என்ற ஒலி.

"நான் ஊத்தின எண்ணெதானே அக்கா கெடக்கு?"

"இல்ல. அத வடிச்சுட்டேன். டில்லர் எண்ணெ ஊத்தினேன்."

"எவ்வளவு?"

தராசில் அவள் யாருக்கும் பொய் சொன்னது கிடையாது. அன்றைக்கு மட்டும் ஒரு பொய் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"கேன் முழுசும். அஞ்சு லிட்டர்."

அந்தப் பக்கம் பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வெளக்கு எரிஞ்சுதா அக்கா?"

"எரிஞ்சுது."

"எரிஞ்ச பொறவும் ஓட்டினியளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அவனே சொன்னான்: "உள்ள இரும்பும் இரும்பும் ஒட்டிப் பிடிச்சுப் போச்சு. இனி அந்த இஞ்சின் இல்ல. இழுத்துட்டு வந்து போடலாம், அவ்வளவுதான். அண்ணாச்சி எப்படி இருக்கு?"

அவன் அப்படி மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை வைத்தாள்.

உள்ளே போனாள். ரத்தினம் கண்ணைத் திறந்திருந்தான். கையிலிருந்து சிவப்புக் குழாய் மெஷினுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"என்ன சொல்லுதான்?"

"யாரு?"

"ஜான்ரோஸ்தான். வேற யாருக்குப் போட்டிருப்ப?"

"வண்டி இனி ஓடாதுன்னு சொல்லுதான்."

ரத்தினம் மெஷின் பக்கம் திரும்பினான்.

"அப்பம் புதன்கிழம?"

ஓமனா கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் விலகிக் கிடந்த போர்வையை இழுத்துவிட்டாள். இழுக்கிறபோது அவளுடைய பெருவிரல், நீர் கோத்து வீங்கிய அவன் கணுக்காலில் அழுந்தியது. கையை எடுத்த பிறகும் அந்த இடத்தில் குழி அப்படியே நின்றது. அது நிரம்புகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.